தாய்மாமன் எழுத வேண்டிய பிரெஞ்சு

திண்டிவனம்,
6 செப்டம்பர் 1949

அன்புள்ள ராஜுவுக்கு,

இல்லை, உன் தங்கையைப் பிரசவத்துக்கு வில்லியனூருக்கு அனுப்பவில்லை. ஜெயம் இங்கேதான் இருக்கிறாள். உள் அறையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, நீ அனுப்பிய படத்திலிருக்கும் லண்டன் பாலத்தைப் பார்த்து, இது ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது, அந்த ஊரில் விளக்குக் கிடையாதா என்று கேட்கிறாள். நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நீ பதறிக் கேட்டிருந்ததால் இதை முந்திச் சொன்னேன். சர்வேசுரன் கிருபையால் நான் சுகம், விழுப்புரத்தில் அப்பா சுகம், உன் தங்கைக்குக் கால் வீக்கம் தவிர வேறு குறை ஒன்றுமில்லை. நீயும் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாயிருக்கிறாய் என்றே நம்புகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நான் கேட்டிருந்த சட்டத்தை லைப்ரரியில் தேடி எடுத்து, பிரெஞ்சில் இருந்தபடியே எழுதி, கீழே தமிழில் அர்த்தமும் எழுதியிருந்தாய். தகப்பன் பிரெஞ்சுப் பிரஜையானால் பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் பிரெஞ்சுப் பிரஜைதான், பிறந்ததைப் பதிந்தால் போதும். இரண்டு தடவை வாசித்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பினால் வேறு குரல். பிரெஞ்சு வகுப்பில் உன்னோடு இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே அதைப் படித்தவர்கள், விடுமுறைக்கு அந்த நாட்டுக்கே போய் வருகிறவர்கள், நீ வாயைத் திறந்தால் எல்லோரும் மேஜையைப் பார்க்கிறார்கள், அக்டோபரில் பிரெஞ்சை விட்டுவிட்டுச் சர்வதேச உறவுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியரே சொல்லிவிட்டார், அதனால் விடப் போகிறேன் என்று. ஒரே தாளில் முன்பக்கம் ஒருவன், பின்பக்கம் ஒருவன். அதைப் பற்றி உனக்குத் தனியாக எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

சம்பந்தி அந்துவான் பிரெஞ்சுப் பக்கத்து வில்லியனூரிலிருந்து வாடகைக்கு ஒரு பிளஷர் கார் பிடித்துக்கொண்டு, சம்பந்தியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பட்டாளத்து மெடல் சட்டையில் குத்தியிருந்தது. சித்திரையில் எல்லையில் சுங்கச் சாவடிகளை மறுபடியும் போட்டதிலிருந்து அவர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதைக் குத்திக்கொண்டுதான் வருகிறார். சாவடியில் காரின் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்களாம். முகம் அந்தக் கோபத்திலேயே இருந்தது. காப்பி வேண்டாம் என்றார். "டீச்சரம்மா, மருமவள இன்னிக்கே கூட்டிக்கினு போறேன். புள்ள நம்ம மண்ணுல பொறக்கணும். இந்தப் பக்கம் வுழுந்தா அத கணக்குல எடுத்துக்கமாட்டான்" என்றார். யார் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று கேட்டேன். அவர்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். நாளைக்குப் பாண்டிச்சேரி எந்த ராஜ்யத்தோடு போகுமோ தெரியாது, அதற்குள் பிள்ளைக்குப் பிரெஞ்சுக் காகிதம் கையில் இருக்க வேண்டுமாம்.

அவர் சொல்லாத ஒன்று இருந்தது. நாங்களும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பிரான்சுவா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார். அங்கே சண்டை. அவருக்கு ஒன்று ஆனால் (ஆகாமல் சர்வேசுரன் காப்பாற்ற வேண்டும்) ஜெயத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் பிடிமானம் அந்தக் காகிதம்தான். அதனால் கிழவர் வீம்புக்குப் பேசுகிறார் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணை, கால் இப்படி வீங்கியிருக்கும்போது, அந்த ரோட்டில் எப்படி அனுப்புவது. பேச்சு ஏறிக்கொண்டே போனது. ஞாயிறானதால் அப்பாவும் ரயில் கார்டு டூட்டி முடிந்து விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். உன் அப்பாவைத் தெரியுமே. சின்னபாபுசமுத்திரத்துக்கும் வில்லியனூருக்கும் நடுவில் எல்லைமேல் ரயிலை நிறுத்தி, கார்டு பெட்டியில் அவளைப் படுக்க வைத்தால் இரண்டு ராஜ்யத்துக்கும் திருப்தி, சிவப்புக் கொடியை நானே காட்டுகிறேன் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஜெயம், "நான் இன்னா சுங்கச் சரக்கா, எறக்கி வெச்சு சீல் குத்தறதுக்கு?" என்றாள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் நர்ஸ் கிருஷ்ணவேணி ஜெயத்தைப் பார்க்க வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பையைக்கூடக் கீழே வைக்காமல், அந்துவானைப் பிரெஞ்சு மரியாதையில் அழைத்து, "இன்னா மூசே, இந்த ரோட்ல குலுக்கி எடுத்துக்கினு போனீங்கன்னா கிளியனூர் தாண்டறதுக்குள்ள பொறந்துடும். அப்ப காரு ஓட்டறவன் புள்ளன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கார் ஓட்டி வந்தவன் வாசலில் நின்றிருந்தான், மெதுவாக வண்டிக்குப் பின்னால் நகர்ந்துவிட்டான்.

அப்போதுதான் உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்துவான் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் முணுமுணுப்பு, பிறகு பட்டாளத்தில் உத்தரவு வாசிக்கிற சத்தம். முழுவதும் பிரெஞ்சில் வாசித்தார். எனக்கு அந்த பாஷையில் தெரிந்தது மடத்துப் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ஒரு ஜெபம்தான், அதற்கும் அன்று பொருள் தெரியாது. சென்னையில் பி.ஏ. வாசித்த காலத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம், தெரிந்துகொள்ளவில்லை. இப்போது நீ எழுதியதை இன்னொருவர் குரலில் கேட்டுக்கொண்டு என் வீட்டில் நானே பாஷை தெரியாதவளாக நின்றேன். வெட்கமாக இல்லை. புதிதாக இருந்தது. நீ எழுதியது உன்னை விட்டுப் போய், கடல் தாண்டி, ஒரு கிழவரை ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருக்கிறது என்று தோன்றியது.

வாசித்து முடித்து, சட்டம் சரிதான் என்றார். உடனே, "சட்டம் பிரான்சுல இருக்குது. சாவடியில நிக்கிறவன், ஆபீசுல குந்திக்கினு கீறவன், அவனுங்கல்லாம் அத படிச்சவனுங்களா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. உன் பாடம் முழுவதும் அந்தக் கேள்விதானோ என்னவோ. ராஜ்யங்கள் பேசிக்கொள்கின்றன என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். இங்கே ராஜ்யம் என்பது ஒரு பெண்ணின் கூடையைக் கிளறிப் பார்க்கும் இரண்டு கை.

அவருக்குப் பதில் சொன்னது சம்பந்தியம்மாள். வந்ததிலிருந்து அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே புருஷனைக் கேட்டார்: "பிரான்சுவா எங்க பொறந்தான்?" அந்துவான் விளங்காமல் பார்த்தார். "கோலியனூர்ல எங்க ஆத்தா வூட்ல பொறந்தான். மொதப் பிரசவம்னு எங்க அண்ணன் வந்து இட்டுக்கினு போச்சு. நீங்க சைகோன்ல இருந்தீங்க. தந்தி வந்ததுன்னு மூணு நாளு குடிச்சீங்களாமே, திரும்பி வந்து நீங்கதான் சொன்னீங்க." கோலியனூர் அன்றைக்கு இங்கிலீஷ்காரன் சீமை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இன்று துப்பாக்கி தூக்கும் மாப்பிள்ளை பிறந்தது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில். இத்தனை வருஷம் அந்த வீட்டில் ஒருவரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவேயில்லை. அன்றைக்கு அது தாய்வீடு, அவ்வளவுதான். அப்பா சிரிப்பை அடக்க எழுந்து போய்விட்டார்.

அந்துவான் மெடலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அது அப்ப. அப்ப எவன் கேட்டான்? இப்ப கேப்பான்" என்றார். சத்தம் இறங்கிவிட்டது. சம்பந்தியம்மாள் விடவில்லை. "அப்பவும் கேட்டான். எங்க அண்ணன்தான் மேரிக்குப் போயி பிரெஞ்சுல எழுதிக் குடுத்துது. அதுக்கு நல்லா எழுத வரும்." மேரி என்றால் அவர்கள் பக்கத்து நகரசபை ஆபீசு. தாய்மாமன் என்றால் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்கிறவன், சீர் கொண்டு வருகிறவன் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டில் அவன் எழுதியும் கொடுத்திருக்கிறான்.

நான் உடனே சொன்னேன், இந்தப் பிள்ளைக்கும் தாய்மாமன் இருக்கிறான், அவனும் எழுதுவான், மதராசில் இருக்கும் பிரெஞ்சுக் கான்சலுக்கு அவனே பிரெஞ்சில் எழுதுவான், பதில் வருகிற வரைக்கும் எழுதுவான் என்று. அந்துவான் உன் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தையும் அவர் வாசித்திருந்தார். அது தமிழில் இருந்தது என்பதை நான் மறந்துபோயிருந்தேன். "உம் மவன் படிப்ப வுடப் போறேன்னு எழுதிக்கினு கீறான். பாதியில வுடறவன் எழுத்த எவன் மதிப்பான்?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கிறவர் மாதிரி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விடமாட்டான் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, வாசலில் கார் நிற்கிறது. அவர் சரி என்றார். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். கார் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. சம்பந்தியம்மாள் இறக்கின பையை மறுபடி ஏற்றவில்லை, பிள்ளை பிறக்கிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று தங்கிவிட்டார். இப்போது என் சமையலறை அவருடையது. குழம்பில் எனக்கு உப்புப் போடத் தெரியவில்லையாம். மல்லாட்டைக் கடலையை வறுத்து ஜெயத்துக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு நாளாக அவருக்கும் கிருஷ்ணவேணிக்கும் வழக்கு நடக்கிறது.

ராஜு, நான் கொடுத்த வாக்கு உன்னைக் கட்டாது என்று எழுதலாம். எழுதினால் அது பொய்யாகிவிடும், கட்டத்தான் கொடுத்தேன். உனக்கு முடியவே முடியாது என்றால் சொல், வில்லியனூருக்குப் போய் நானே அந்துவானிடம் சொல்லிவிட்டு வருகிறேன், அதற்கு எனக்குப் பயமில்லை. ஆனால் அப்படி எழுதமாட்டாய் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்கள் மேஜையைப் பார்க்கட்டும். உன் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் தலை குனிகிறார்கள், உன் பிரெஞ்சை வாசித்து இங்கே ஒருவர் காரைத் திருப்பிக்கொண்டு போனார். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விடலாம் என்று உன் ஆசிரியர் சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம். அவர் ஊரில் எல்லை கடலில் இருக்கிறது. நம் ஊரில் வயல் வரப்பில் இருக்கிறது, வரப்பின் அந்தப் பக்கம் நிற்கிறவனோடு அவன் காகிதத்தின் பாஷையில்தான் பேசியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தேசப்படத்தைக் காட்டும்போது பாண்டிச்சேரியைக் குச்சி நுனியால் தொட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். நேற்று வகுப்பில் குச்சி அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பளிச் சட்டையை உள்ளே போடு, மேலே அல்ல. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அந்த வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டு ஒரு வேளையாவது சோறு வடித்துக்கொள். அப்பா உனக்குக் கேழ்வரகு மாவு அனுப்ப வேண்டும் என்கிறார், லண்டனில் அதை யார் கிளறுவார்கள் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன். இருமல் இருந்தால் மறைக்காதே. அக்டோபரில் பெயர் கொடுக்கும் நாளன்று இரண்டு பாடத்துக்கும் கொடு, கொடுத்துவிட்டு ஒரு வரி எனக்கு எழுது. கான்சலுக்கு எழுத வேண்டியதை இப்போதே எழுதி வை. தகப்பன் பெயர், தாத்தா பெயர், ஜெயம் பெயர் எல்லாம் உனக்குத் தெரியும். பிறந்த ஊர் திண்டிவனம் என்று தைரியமாக எழுது. தேதியும் பிள்ளையின் பெயரும் தந்தியில் வரும். சர்வேசுரனும் தேவமாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார்களாக.

உன் அன்புள்ள அம்மா,
லூர்துமேரி

ராஜு, உறையை ஒட்டுவதற்குள் இதையும் எழுதுகிறேன். ஜெயத்துக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. கிருஷ்ணவேணிக்கு ஆள் போயிருக்கிறது. சம்பந்தியம்மாள் ஜெயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்துப் பியூன் பாண்டுரங்கனிடம் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் வைக்கிறேன்.