நாலாவது டம்ளர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அம்பத்தூர் பட்டறைக்கு இன்று, கடல்நீரில் உப்பைக் குறைக்கும் எங்கள் களிமண் வடிகட்டியை வாங்குவதற்காகப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கடல்நீரை ஊற்றினேன். முதல் டம்ளரைக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. அதில் உப்பே இருக்காது. காலையில் களிமண்ணைக் கழுவியபோது உள்ளே தங்கிய நல்ல தண்ணீர்தான் முதலில் இறங்கும். அது அவருக்கும் தெரியும். எல்லோர் கண்ணெதிரிலும் அதையும் அடுத்த இரண்டையும் கொட்டிவிட்டு நாலாவதை நீட்டினேன்.

"இன்னாமா, கரிக்குது?" என்றார் வந்தவர்.

"கரிக்கும் சார். காசிமேட்டுக் கடல்ல மொண்டப்போ வாய்லயே வெக்க முடியல."

அவர்கள் போனதும் முதலாளி கத்தினார். "அந்த ஒரு டம்ளர் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

"இன்னொண்ணு கேட்டா இன்னா குடுப்பீங்க?" என்றேன்.

நாளை உள்ளே விடுவாரோ, மாட்டாரோ. மிச்சத்தைப் பாட்டிலில் கொண்டுவந்தேன். இப்போது ஒரு மடக்கு குடித்தேன். கரிக்கத்தான் செய்கிறது. ஆனால் இது நிஜமாகவே கடலிலிருந்து வந்த தண்ணீர்; குடிக்க முடிகிறது.