குதிகாலால் உருட்டிய பந்து

அண்ணை, நீங்கள் போய் இது மூன்றாவது குளிர்காலம். இன்று காலை பனியில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்ததும் அந்த நெடியோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஹனோவர் ரக்பி மைதானத்தில் உடைமாற்றும் அறை முழுக்க உங்கள் தைலம்தானே மணக்கும்!

அறுபதுகளின் கடைசி அது. நான் மதுரையிலிருந்து படிக்க வந்தவன். நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், ரப்பர் ஆலைத் தொழிலாளி. அதற்குமுன் வட இங்கிலாந்தில் ஏழு வருடம் கூலிக்கு ரக்பி லீக் ஆடியவர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹனோவரில் ஆடியதோ யூனியன், காசு வாங்காதவர்கள் ஆடும் இன்னொரு வகை ரக்பி. லீக்கில் காசு வாங்கியவன் அங்கே கால் வைக்கக்கூடாது. தெரிந்தால் ஆயுளுக்கும் தடை. "வாயைத் திறந்திடாதை தம்பி. ஆடாமல் இருக்க என்னால ஏலாது" என்றீர்கள். நான் வாயே திறக்கவில்லை. காட்டிக்கொடுத்தது உங்கள் கால்தான்.

பிரிட்டிஷ் படைவீரர் அணியோடு ஆட்டம். நான் எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நின்றேன். இருவர் உங்களைப் பிடித்துச் சாய்த்தார்கள். யூனியனில் விழுந்தவன் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். நீங்களோ பந்தோடு சாவகாசமாக எழுந்து, அதைத் தரையில் வைத்து, பின்னால் நிற்பவன் எடுக்கட்டும் என்று குதிகாலால் பின்னுக்கு உருட்டினீர்கள். சுத்த லீக் பழக்கம். நம் ஜெர்மன்காரர்கள் வாய்பிளந்து நின்றார்கள். நடுவர் ஆங்கிலேயர், விசில் ஊதிவிட்டு உங்களையே பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் நேராக வந்து, எந்த ஊரில் ஆடினீர்கள் என்று மெல்லக் கேட்டார். பொய் சொல்ல வராத மனிதர், ஊரைச் சொல்லிவிட்டீர்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். தானும் அந்த ஊர்தானாம். விதி தெரியாத ஆள் என்று மட்டும் குறித்துக்கொள்வதாகச் சொல்லி, நம் இருவருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். தடை தப்பிய சந்தோஷம் எனக்கு. உங்களுக்கு ஒரு வாரம் கோபம் ஆறவில்லை. "ஏழு வருசம் ஆடின எனக்கு விதி தெரியாதாமோ?"

எழுபதுகளின் நடுவில் முழங்கால் மறுக்கும்வரை ஆடினீர்கள். அப்புறம் ஒருநாள், அந்த லீக்கில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சீண்டினேன். "விழுந்தவனை எழும்ப விடுற ஆட்டம் தம்பி, அது" என்றீர்கள்.

இன்று நான் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிவிட ஓடிவந்தார். வேண்டாம் என்று கைகாட்டி நானே எழுந்தேன். கடையில் வாங்கிய முட்டைக்கோஸ் இன்னும் என் கையில் இருந்தது. அதைப் பனியில் வைத்து, குதிகாலால் பின்னுக்கு உருட்டினேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குனிந்து எடுத்துக்கொண்டார், அண்ணை.