முன்கதவுக் காடை

ஹசிந்தோ,

காடைக் குஞ்சுகள் பொரித்துவிட்டன. இறகு காய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பூந்தொட்டியிலிருந்து குதித்து, தாய்க்குப் பின்னால் கள்ளிப் புதருக்குள் ஓடிவிட்டன. கடைசிக் குஞ்சு போய்ச்சேரும்வரை தகப்பன் மதில்மேல் கொண்டையை ஆட்டிக்கொண்டு காவல் நின்றது.

வாசல் பூந்தொட்டியில் காடை முட்டையிட்ட அன்று முன்கதவைத் தாழ்போட்டவன் நீதான். நம் டூசான் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதானே என்று நானும் பக்கவாட்டுச் சமையலறைக் கதவு வழியாகவே போய்வந்தேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக் கொடுத்து, "அசையாம உக்காந்து பாரு, பயந்துச்சுன்னா கூட்டை விட்டுட்டுப் போயிடும்" என்றாய். காபிகூட நீயே கொண்டுவந்து தந்தாய். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத கரிசனம். நான் பூரித்துப்போனேன்.

ஃபீனிக்ஸில் வேலை, ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று நீ கிளம்பிய மறுநாள் பக்கத்து வீட்டு ஒஃபேலியா வந்தாள்.

"ஏன்டி, வீடு மாத்துறீங்களா? உன் புருஷன் தினமும் பின்பக்கமா பெட்டி பெட்டியா வண்டியில ஏத்திட்டிருந்தாரே. கூட ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. உன் நாத்தனாரா?"

"ஆமா" என்றேன்.

அவள் போனபிறகுதான் உன் அலமாரியைத் திறந்தேன். ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. நான் முன்பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கூட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

இன்று முன்கதவைத் திறந்துவிட்டேன். பின்கதவுக்குப் பூட்டு மாற்றியாயிற்று. உன் அம்மாவின் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. எடுக்க வந்தால் முன்வாசலில் நின்று மணியடி. தெருவே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நீ போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்