டயருக்கு வெளியே நாலு விரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கட்டும்.

உன் பட்டறையில் மீந்த இரும்புத் தகட்டில், நம் குட்டி டிராக்டருக்கு மண் நிரவும் பிளேடு ஒன்றை நீயே செய்து அனுப்புவதாகச் சொன்னாயே, அன்றிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறடி வேண்டுமாம். எதிர்வீட்டுக்காரர் ஆறடி வைத்திருக்கிறார்; அவருடைய வண்டி நம்முடையதைப்போல் இரண்டு மடங்கு. "அது தின்னு கொழுத்த வண்டி, நம்மது உழைச்சு எளச்ச வண்டி, அவ்வளவுதான் வித்தியாசம்" என்கிறார் அப்பா. ஆறடித் தகடு மண்ணை வாரிக்கொண்டால் இந்த வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். அப்பா அவருக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

நீ நாலடி என்கிறாய். ஐந்தடியாகச் செய். காரணம் கேட்காதே என்று எழுத நினைத்தேன், நீ கேட்பாய். வீட்டுக்கு வரும் மண்பாதை அதிகம் அரித்துவிட்டது, அதனால்தான்.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. வீட்டில் இருப்பது ஒரு போன், அதிலும் அப்பா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார்.

தண்ணீர் லாரி இப்போது வீடுவரை வருவதில்லை. பாதிப் பாதையில் நின்று ஹார்ன் அடிக்கிறது. மிச்ச தூரம் நானும் குடங்களும். மழை பிடித்தால் அதுவும் இல்லை.

படிக்க உட்கார்ந்தால் பக்கம் நகரவில்லை. எழுந்து போய் டிராக்டரைப் பார்க்கிறேன். திரும்பி வருகிறேன். மறுபடி எழுகிறேன்.

வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைப் போட்டுக்கொள். அலட்சியமாக இருக்காதே. கண் முக்கியம்.

உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதி கேலி, பாதி கணக்கு. "டயருக்கு வெளியே ரெண்டு பக்கமும் நாலு விரல் இருந்தாப் போதும். வண்டி மூணரை அடி, பிளேடு நாலடி. இதுக்கு எதுக்குடி எம்.ஏ.?" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை.

நாடாவைக் கோணலாகப் பிடித்து அளந்துதான் ஐந்தடி கேட்கிறேன் என்கிறாய். இல்லை. பின் டயர் இரண்டின் வெளி விளிம்பிலும் செங்கலை ஒட்டி நிறுத்தி, இடையில் நாடாவைப் பிடித்தேன். நாலரை அடி. நீ அளந்தபோது மூன்றரை இருந்திருக்கும். நான் மறுக்கவில்லை.

உனக்காக இன்னொன்றும் செய்தேன். பழைய கதவுச் சட்டத்திலிருந்து நாலடிப் பலகை ஒன்றை அறுத்து, கல் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் கட்டினோம். அப்பா ஓட்டினார். நடுவில் மண் நன்றாகத்தான் படிந்தது. ஆனால் இரண்டு ஓரத்திலும் டயர்த் தடம் அப்படியே நின்றது, பலகைக்கு வெளியே. அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும். ஓடினால் அரிக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு "இன்னொரு தடவ போறேன்" என்றார். இன்னொரு தடவையும் போனார். தடம்தான் ஆழமானது.

நான் வண்டிக்கு முன்னால் நடந்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு இடம் உண்டாம். அடுத்த மாதம் முதல் வாரத்தில் சேர வேண்டும். அதைப் பற்றி அப்புறம்.

தகட்டை இன்னும் வெட்டவில்லையே? வெட்டாதே. வெட்டிவிட்டால் ஒட்டுப் போட வேண்டியிருக்கும். ஒட்டுப் போட்டது நிற்காது என்று நீதான் சொல்வாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

"வண்டி என்ன புள்ளத்தாச்சியா, ஒரே வருஷத்துல ஒரு அடி பெருக்க?" என்று கேட்டிருக்கிறாய். சிரித்தேன். அப்பா உள்ளேயிருந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வண்டி பெருக்கவில்லை. பின் சக்கரங்களைக் கழற்றி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மாட்டியிருக்கிறது. மெக்கானிக்தான் செய்தார். அப்படி மாட்டினால் சக்கரங்கள் அகன்று நிற்கும். வண்டி சுலபத்தில் சாயாது.

அதற்கு முன் ஒருமுறை சாய்ந்தது.

ஓடையை ஒட்டிப் பாதை வளைகிறதே, அங்கே. பட்டப்பகல். இடது சக்கரம் கரையை விட்டு இறங்கியது. அப்பா வலது பக்கம் குதித்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. வண்டி பக்கவாட்டில் படுத்துக் கிடக்க, மேலே நின்ற சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்தான் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தேன். "கரை இடிஞ்சிடுச்சு" என்றார். கரை இடியவில்லை. அது அவர் கண்ணில் படவில்லை.

இடது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். போனது திரும்பாது என்றார். நான் இடது பக்கமாக வந்து நின்றால் வந்ததே தெரிவதில்லை. பேசினால் திடுக்கிடுகிறார். பிறகு, தெரிந்துதான் இருந்தது என்பதுபோல் தலையசைக்கிறார்.

"பெரியவன்கிட்ட சொல்லாத. வண்டிய வித்துடுன்னுவான். அப்புறம் நான் என்ன செய்ய, ரோட்டுல போற வண்டிய எண்ணிக்கிட்டு உக்காரவா?" என்றார். சத்தியமெல்லாம் கேட்கவில்லை. சொல்லிவிட்டு முழங்கையைக் கழுவப் போனார். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போதும் பிளேடின் அளவைச் சொல்லப் போய்த்தான் இதைச் சொல்கிறேன்.

வளைவு வரும்போது நான் ஓடைக்கும் வண்டிக்கும் நடுவில் நடக்கிறேன். கையைக் காட்டிக்கொண்டே. அவருக்கு என் கை தெரிகிறதா என்று தெரியவில்லை.

ஆகவே அண்ணா, நாலடி என்றால் தடம் அழியாது. அழியும்வரை அப்பா திரும்பத் திரும்பப் போவார். ஆறடி என்றால் முன்சக்கரம் தூக்கும், அதுவும் அந்த வளைவில். நாலரை அடி வண்டிக்கு, இரண்டு பக்கமும் நீ சொன்ன நாலு விரல். ஐந்தடி. கொஞ்ச நாள், அளவு சரியாகிவிட்டால் மற்றதும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இன்னொன்று தோன்றியது. பிறகு தூக்கமில்லை.

பிளேடை மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியைப் பின்னால் நகர்த்த, ஒருவர் வண்டிக்கும் பிளேடுக்கும் நடுவில் நின்று இரண்டையும் இணைக்கும் இரும்புப் பின்னைச் செருக. வலது பக்கம் செருகிவிடுவேன். இடது பக்கம் போய் நான் குனியும்போது அப்பா திரும்பிப் பார்ப்பார். "சரியா இருக்கா?" என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் பின்னால் வருவார்.

லாரியில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

சீட்டில் நீ உட்கார். அப்பா முன்னால் நடந்து வழி சொல்லட்டும்; அந்தப் பாதையில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவரைக் கேட்டுத்தான் யாரும் நிரவ முடியும். ஓடைப் பக்கம் மட்டும் நடக்க விடாதே. கோபப்படுவார். ரெண்டு நாள் பேச மாட்டார். அப்புறம் நீ பிளேடைச் சாய்வாகப் பிடிக்கிறாய் என்று திட்டத் தொடங்குவார். அப்போது சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்று காலை வானம் மூடியிருந்தது. பெய்யவில்லை. என் புத்தகங்களை அடுக்கினேன். பிறகு பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

நான் சேர வேண்டிய அந்த முதல் வாரத்துக்கு முன் வா, அண்ணா. நல்லபடியாக வந்து சேர். வரும்போது வீட்டுக்குள் அப்பாவுக்கு வலது பக்கமாக வா. அவர் உன்னை முதலில் பார்க்கட்டும்.

உன் தங்கை