செவலைக்கும் சுட்டிக்கும் போட்ட புள்ளி

அண்ணே,

இன்று பதுளை பஸ் நிலையத்தில் வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்தது ஒரு பழைய ரேஸ் பேப்பர். எண்ணெய் ஊறிய தாளில், எல்லாக் காலத்திலும் சிறந்த குதிரைகள் என்று சிங்களத்தில் ஒரு வரிசை போட்டிருந்தார்கள். என் செவலை மேலே இருக்கிறது. உங்கள் சுட்டி அதற்கு நாலு இடம் கீழே! "பாத்தீங்களா அண்ணே!" என்று நமுனுகுல பஸ்ஸுக்குள் கத்தியே விட்டேன். கத்திய பிறகுதான், நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது என்பது உறைத்தது. பக்கத்து சீட்டு அம்மா தன் பையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினீர்கள். நான் டவுனில் தையல் கடை வைத்திருந்தேன். சனிக்கிழமை வந்தால் குதிரைக்குப் பணம் கட்டும் ரேஸ் கடை வாசலில் ஆளுக்கொரு கிளாஸ் பிளேன்டியோடு நிற்போம். ஓடுவது சீமைக் குதிரைகள், நாம் கண்ணால் கண்டதில்லை. அவற்றின் பெயர்கள் நம் வாயில் நுழையாததால் நாமே பெயர் வைத்தோம். ஓட்டத்தை ஒலிபெருக்கியில் குரலாக மட்டும் கேட்ட காலத்தில் ஓடியது உங்கள் சுட்டி. பேப்பர் படத்தில் அதன் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. கடைக்கு டீவி வந்த பிறகு ஓடியது என் செவலை. நாம் பந்தயம் கட்டியது கொஞ்சம், கத்தியது நிறைய.

"ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே புல்லுல ஓடிச்சா? ஓடல. அப்பறம் எப்படிடா ஒன்னோடது பெருசு?" என்பீர்கள். நான் புள்ளிக் கணக்கை எடுப்பேன். எந்தக் குதிரை எதை எவ்வளவு தூரத்தில் ஜெயித்தது, முதுகில் எவ்வளவு பாரம் இருந்தது என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். பழைய குதிரையோடு ஓடியது அடுத்த குதிரையோடும் ஓடுகிறது, அது அதற்கடுத்ததோடு. அப்படியே தொட்டுத் தொட்டு வந்தால் சுட்டியையும் செவலையையும் பக்கத்தில் நிறுத்தலாம் என்பேன். "தொட்டுத் தொட்டு வந்தா நீயும் நானும் தோட்டத்துத் தொரைக்குச் சொந்தக்காரன்டா" என்று நீங்கள் சொல்லும்போது கடை வாசலே சிரிக்கும்.

சண்டை குதிரைக்காக இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். தோட்டத்துப் பொங்கல் ஓட்டத்தில் நீங்கள் வருஷா வருஷம் ஜெயித்தபோது நான் மூக்கொழுகும் பையன். நான் ஜெயிக்கத் தொடங்கியபோது நீங்கள் கொழும்பில் வேலையில் இருந்தீர்கள். நல்ல வயதில் நாம் இருவரும் ஒரே களத்தில் நின்றதே இல்லை. தோட்டத்தில் யார் பெரிய ஓட்டக்காரன் என்று கேட்டால் வீட்டு வரிசைக்கு வரிசை, லயத்துக்கு லயம் பதில் மாறும். எனக்கு அது முள் மாதிரி குத்தியது. உங்களுக்கும்தான்.

போன தடவைக்கு முந்திய பொங்கலில் அதைத் தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், கல்யாணமானவர்கள் ஓட்டம். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரு சட்டம் போட்டீர்கள்: "தம்பி, ஒனக்கு வயசு கம்மி. குதிரைன்னா பாரம் ஏத்துவாங்க. நீயும் சொமக்கணும்." பாரத்தை முடிவு செய்யும் பொறுப்பு அண்ணிக்கு. அவர் கொழுந்துக் கூடையின் கயிற்றை என் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, பொங்கலுக்கு வாங்கிய பூசணிக்காயை உள்ளே போட்டார். "இது ஞாயமா அண்ணி?" என்றேன். "ஒங்க செவலை சொமக்காதா?" என்றார்.

விசில் ஊதியதும் நீங்கள் பறந்தீர்கள். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் கூடை முதுகில் திம் திம்மென்று அடிக்க, பாதிக் களம் தாண்டியதும் உங்களை எட்டிவிட்டேன். தோளோடு தோள். கோடு நாலு எட்டில் இருந்தபோது பூசணிக்காய் துள்ளி வெளியே விழுந்தது. சரிவில் உருண்டு, நம் இருவரையும் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது. "ஃபர்ஸ்ட், பூசணிக்கா!" என்று தோட்டத் தலைவர் மைக்கில் அறிவித்தார். நீங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நானும் உட்கார்ந்தேன். கோட்டை நாம் தாண்டவே இல்லை.

"அடுத்த வருசம் அரிசி மூட்டை, அது உருளாது" என்றீர்கள். அடுத்த பொங்கல் வந்தபோது உங்களுக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். அன்று நான் அழுத அழுகைக்கு இந்தத் தோட்டமே சாட்சி.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. முற்றத்தில் இளவட்டங்கள் கூடிவிடுவார்கள். "மாமா, நெசமா சொல்லுங்க, ரெண்டு பேர்ல யாரு பெருசு?" என்று யாராவது கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான், அதுல என்னா சந்தேகம்?" என்பேன். அவ்வளவுதான். அடுப்படியிலிருந்து அண்ணி அகப்பையோடு வெளியே வருவார், மேல் லயத்திலிருந்து ஒருவர் இறங்கி வருவார், உங்கள் ஓட்டம் ஒவ்வொன்றும் முற்றத்துக்கு வரும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அண்ணே. எதிர்த்துப் பேசப் பேசத்தான் அவர்கள் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார்கள்.