பெத்ரோலும் பெட்ரோலும்

மாமா,

நேற்று மாலை லாஸ்பேட்டை பங்க்கில் அப்பா ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். குழாயை எடுக்கும்போது ஒரு துளி என் புறங்கையில் விழுந்தது. சில்லென்று இருந்தது, உடனே காய்ந்தும் போனது. கையை மூக்கருகே கொண்டுபோனேன். சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாடி, பெட்ரோல மோந்துகிட்டு சிரிக்கிற?" என்றார் அப்பா.

"மாமா ஞாபகம் வந்துச்சுப்பா."

வீடு வரும்வரை, முன்னால் அப்பாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தன.

சித்தியை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றப் புறப்பட்ட அந்த மார்கழிக் காலை உங்களுக்கும் மறந்திருக்காது. கல்யாணமாகி, பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பும் காகிதங்களுக்காகக் காத்துக் காத்து, கடைசியில் கிடைத்த பயணம். அந்த விமானத்தை விட்டால் டிக்கெட்டும் போச்சு, மறுபடி முதலிலிருந்து அலைச்சல். தங்கையை வேறு யார் வண்டியிலும் அனுப்ப மாட்டேன் என்று நீங்கள்தான் பிடிவாதம் பிடித்தீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து நீங்கள் வாங்கிய பழைய பஸ், கல்யாண சவாரிகளுக்குப் போன நேரம் போக உழவர்கரையில் நம் வீட்டெதிரே நிற்கும். நான் அதற்குள் உட்கார்ந்துதான் படிப்பேன்.

கிளம்பும் முன் டீசல் பில்டரைக் கழுவிவிடுவோம் என்றீர்கள். உங்களுக்குக் கடுமையான ஜலதோஷம், குரலே வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "மாப்பிள்ளை, ஒரு கேன்ல பெத்ரோல் வாங்கியாங்க" என்று அப்பாவை அனுப்பினீர்கள். அப்பா வாங்கி வந்தார். நீங்கள் கழுவி மாட்டினீர்கள். "மிச்சத்த டாங்க்லயே ஊத்திடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றதும் நீங்கள்தான். டாங்க்கில் டீசல் அடியில்தான் கிடந்தது. திண்டிவனத்தில் உங்களுக்குப் பழக்கமான பங்க்கில் நிரப்பிக்கொள்வதாக ஏற்பாடு.

ஊரைத் தாண்டி வெயில் ஏறியதும் இன்ஜின், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தமிட்டது. பிறகு இழுக்க மாட்டாமல் திணறி, திண்டிவனத்துக்கு முன்பே நின்றுவிட்டது.

"ஏர் புடிச்சிருக்கு" என்று இறங்கினீர்கள். பில்டர் மேலிருந்த திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தீர்கள். நுரை வந்தது. காற்றெல்லாம் வெளியேறிவிட்டால் டீசல் மட்டும்தான் வரவேண்டும் என்று எனக்குச் சொல்லியபடியே அடித்தீர்கள். நுரை நிற்கவேயில்லை. குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கினீர்கள். அப்புறமும் நுரைதான். பஸ்ஸுக்குள் சித்தி புது ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை செய்தீர்கள்.

திடீரென்று நிறுத்திவிட்டு உங்கள் கையையே பார்த்தீர்கள். "இந்த வெயில்ல டீசல் சில்லுன்னு இருக்குமா? துடைக்காமலே காஞ்சிப்போவுது பாரு." கையை என்னிடம் நீட்டினீர்கள். "என் மூக்கு செத்துப்போச்சு. நீ மோந்து பாரு கண்ணு, என்ன வாசனை?"

"ஸ்கூட்டர் வாசனை, மாமா."

மெதுவாக அப்பா பக்கம் திரும்பினீர்கள். "மாப்பிள்ளை, காலைல என்னாத்த வாங்கியாந்தீங்க?"

"நீங்க கேட்டதுதான் மச்சான். பெட்ரோல்."

"நான் பெத்ரோல்ல கேட்டேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன், பெட்ரோல்!"

"யோவ், விளக்குக்கு ஊத்துற பெத்ரோல்யா! கிருஷ்ணாயிலு!"

"கிருஷ்ணாயில கிருஷ்ணாயிலுன்னு சொல்றதுக்கு என்னா? விழுப்புரத்துக்காரன் நான் என்னாத்தக் கண்டேன்?"

எனக்குப் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தின் பக்கமே கண்ணில் தெரிந்தது. ஒரு சிம்னி விளக்குப் படம், அதன் கீழே 'லாம்ப் ஆ பெத்ரோல்', அதாவது மண்ணெண்ணெய் விளக்கு. "ஆமாம்ப்பா, பிரெஞ்சுல பெட்ரோலுக்கு எஸ்ஸான்ஸுன்னு பேரு!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து சித்தி சிரிக்கும் சத்தம் கேட்டது. அழுகைக்கு நடுவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சிரித்தாள்.

அதன்பின் யாரும் யாரையும் குறை சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. வந்த லாரியை மறித்து அப்பா ஏறிப் போனார். நீங்கள் டாங்க்கின் அடித்திருகைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்தீர்கள். அப்பா திரும்பியபோது வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெய், இரண்டு கைகளிலும் டீசல் கேன். "வாங்க, எஸ்ஸான்ஸ் மாப்பிள்ளை" என்று நீங்கள் வரவேற்றதும் அவருக்கே சிரிப்பு வந்தது. டீசலை ஊற்றி மறுபடி கைப்பம்பை அடித்தீர்கள். நுரை குறைந்து, குறைந்து, ஒரு கட்டத்தில் நெய் போலத் தெளிவாக வழிந்தது. அதைப் பார்த்த உங்கள் முகம்தான், மாமா, இன்று எனக்கு நினைவில் நிற்கும் உங்கள் முகம்.

விமான நிலையத்தில் கடைசி ஆளாகத்தான் சித்தியை உள்ளே விட்டார்கள். வாசலில் நின்று திரும்பி, "அண்ணே, அங்க போயி பெத்ரோல்னு கேட்டா எனக்கு என்னா குடுப்பாங்க?" என்றாள். "விளக்கெரிக்கக் குடுப்பாங்க, போ" என்றீர்கள். அவள் மறைந்ததும் கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அது பில்டர் துடைத்த துணி. ஊர் திரும்பும்வரை உங்கள் முகத்தில் கறுப்பு. யாரும் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் இல்லை; அந்த பஸ்ஸை வேறொருவர் ஓட்டுகிறார். பெரிய மார்க்கெட் பக்கம் போகும்போது சில நாள் பார்ப்பேன், நன்றாகத்தான் ஓடுகிறது. யாராவது ஒரு சொல்லைச் சொன்னதும் "எந்த ஊர் அர்த்தத்துல சொல்றீங்க?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வகுப்பில் என்னைக் கேலி செய்கிறார்கள். விடுவதாயில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. போன வாரம் அப்பாவோடு ரேஷன் கடைக்குக் கிருஷ்ணாயில் வாங்கப் போனேன். எங்கள் முறை வந்தது. அப்பா கேனை நீட்டி, யோசிக்காமல், "பெத்ரோல் போடுங்க" என்றார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, "பங்க்கு அந்தப் பக்கம் சார்" என்றார். பின்னால் வரிசையே சிரித்தது. அப்பா திருத்திச் சொல்லவில்லை. நீட்டிய கேனையும் இறக்கவில்லை.

"எங்க மச்சான் அப்படித்தான் சொல்லுவாரு" என்றார்.