மூன்று தொப்பிகளும் ஒரு பின்னலும்

ஜூன் 28, சனி

அப்பா முடிவெட்டிக்கொண்டு வந்தார். வெட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது என்பது தனிக் கேள்வி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிறது. இன்னமும் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் தம்புசாமி கடைக்குப் போகிறார். காதுக்கு மேல் கொஞ்சம் வளர்ந்தாலும் குற்றம் செய்த முகம்.

வாசலில் முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் யுகேந்திரன் அங்கிள் காத்திருந்தார். வீரர் தினம் முடிந்த ஞாயிறு, ஆகஸ்டு மூன்றாம் தேதி, கிள்ளான் மண்டபத்தில் எங்கள் குடும்பத்துக்கு மரியாதை செய்கிறார்களாம். தாத்தா, அப்பா, அண்ணன். மூன்று தலைமுறை, மூன்று பொன்னாடை. குகன் அண்ணன் லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் இருக்கிறான். ஜூலை முப்பது திரும்புகிறான். அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா செய்றே?"

"சுபாங் ஜெயாவுல விளம்பரம் எழுதுறேன், அங்கிள்."

"அதுவும் சேவைதான் லா."

இதை எழுதும்போதும் சிரிக்கிறேன்.

ஜூன் 29

பண்டமாரானிலிருந்து வள்ளியம்மா அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அம்மா போன பிறகு எங்களை வளர்த்தவர். செய்தி கேட்டதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"முருகனுக்குக் கடன வச்சுக்கிட்டு மாலை போட்டுக்குவீங்களா? வெக்கமா இல்ல?"

கடன் என்றால் முடி. தாத்தா போர்னியோ காட்டுக்குச் சண்டைக்குப் போனபோது அவருடைய அம்மா பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டார்: உயிரோடு வந்தால் மொட்டை. அப்பா சோமாலியா போனபோது அத்தை வேண்டினார்: அதே மொட்டை. குகனுக்கும் அதுவே. மூவரும் உயிரோடு வந்தார்கள் (மூன்றாமவன் வரப்போகிறான்). ஆனால் மூவரும் சிப்பாய்கள். தலையில் முடி எங்கே? சுண்டுவிரல் நீளமாவது இருந்தால்தான் காணிக்கை என்பது அத்தையின் சட்டம். தாத்தா ஓய்வு பெற்று வளர்க்கத் தொடங்கியபோது வழுக்கை முந்திக்கொண்டது.

சிப்பாயின் முடியை நேர்ந்துகொள்ள எங்கள் குடும்பத்தால்தான் முடியும்.

"முருகன் இதெல்லாம் கணக்குப் பாக்க மாட்டாருக்கா," என்றார் அப்பா.

"நான் பாப்பேன்டா. கடன் தீராம அந்த மண்டபத்துப் பக்கம் நான் வர மாட்டேன்."

அத்தை கீழே உட்காராத மேடையில் அப்பா ஏற மாட்டார். அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூலை 5

தாத்தாவின் தலையை வெளிச்சத்தில் ஆராய்ந்தோம். காதோரம் மட்டும் கொஞ்சம். "எடுத்துக்கோ, அதான் ரிசர்வ் படை," என்றார்.

அத்தை சிரிக்கவில்லை.

ஜூலை 12

இன்று மட்டும் தம்புசாமி கடைக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சினேன். "காடு மாதிரி தலையோட மேடையில நிக்கச் சொல்றியா?" போனார். பளபளவென்று வந்தார்.

ஜூலை 13

குகன் வீடியோவில். "தாமு," (அவனுக்கு நான் தாமு) "ஹெல்மெட்டுக்குள்ள முடி வளத்தா மூளை வெந்துரும்." "இருந்தால்தானே வேக," என்றேன். ஏர்போர்ட்டுக்கு மீன்கறி கொண்டுவர வேண்டுமாம். வேறு யாராவது வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லையாம்.

ஜூலை 18, காலை

செய்தி. அவன் முகாம் இருக்கும் பக்கம் ஷெல் விழுந்திருக்கிறது.

போன் போகவில்லை.

மதியம்

இன்னும் இல்ல. அப்பா காரைக் கழுவுறாரு. கழுவுன காரையே. தாத்தா டிவி முன்னாடி நிமிர்ந்து உக்காந்திருக்காரு, யாரோ ஆணை குடுத்த மாதிரி.

நான் நம்பாதவள். படித்துப் படித்து நம்பாமல் ஆனவள். அப்போ என் கை ஏன் பின்னலைப் புடிச்சுக்கிட்டு இருக்கு?

முருகா, எடுத்துக்கோ. முழுசா எடுத்துக்கோ. அவன மட்டும் —

ஜூலை 19

பேசினான்! பேசினான் பேசினான்!

"சிக்னல் இல்ல லா. எல்லாரையும் பங்கருக்குள்ள போட்டாங்க. நல்லாத் தூங்கிட்டேன்."

தூங்கினானாம்! அப்பா போனை வாங்கி "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு காருக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சமையலறையில் ஆடினேன். தாத்தா மேசையில் தாளம் போட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் ஜன்னலில் எட்டிப் பார்த்து, காரணம் தெரியாமலே கைதட்டினார்.

பிறகு கண்ணாடி. பின்னல். இடுப்பு வரை.

ஐயோ.

ஜூலை 21

நம்பாதவளின் வேண்டுதல் செல்லுமா? ரத்து செய்யலாமா? ஒரு முழம் மட்டும் கொடுத்தால்? முருகனிடம் பேரம் பேசுகிறேன். அப்படியானால் நம்புகிறேனா? இந்தக் கேள்வி வேண்டாம்.

அத்தையிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பின்னலைக் கையில் எடுத்து, பாசாரில் கீரைக்கட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தங்கச்சி குடுத்தா செல்லும். மக குடுத்தா செல்லும். பேத்தி குடுத்தாலும் செல்லும்." கொஞ்சம் யோசித்தார். "மூணு பேரு கடனுக்கும் காணும்."

அப்பாதான் எழுந்துவிட்டார். "நான் வளக்காத முடிக்கு இவ ஏன் குடுக்கணும்?"

"நீ வளக்கல. அதான்," என்றார் அத்தை.

ஜூலை 30

வந்துவிட்டான். கறுத்து, மெலிந்து, நீலத் தொப்பியோடு. கட்டிப்பிடித்ததில் மீன்கறி அவன் சீருடை மேல். விமான நிலையம் முழுக்க எங்கள் வீட்டு வாசம்.

ஆகஸ்டு 2

பத்துமலை. மொட்டை போடுகிறவர் இரண்டு முறை கேட்டார்.

"பூ முடி மட்டுமா, தங்கச்சி?"

"முழுசாண்ணே."

கத்தி. தண்ணீர். மடியில் கனம். பிறகு சந்தனம். குகன் சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டான். அவன் கையிலிருந்த பழத்தைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. அத்தை அழுதார், சிரித்தார், என் தலையில் முத்தமிட்டார், "உருண்டையாத்தான் இருக்கு" என்றார்.

காற்று! தலைக்கு இவ்வளவு காற்று கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

படியிறங்கும்போது அப்பா என் தலைக்கு மேல் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டே வந்தார்.

ஆகஸ்டு 3

மண்டபம். முதல் வரிசையில் அத்தை, பட்டுச்சேலை. மேடையில் மூவர். யுகேந்திரன் அங்கிள் ஒவ்வொரு பெயரையும் நீட்டி முழக்கினார். கைதட்டல் ஓயவில்லை. நான் படமெடுக்கிறேன் என்று போனை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் மங்கலாக்கிவைத்தேன்.

இறங்கி வந்த தாத்தா என்னைப் பார்த்தார்.

"ஏர்கோன் ஜாஸ்தி. சளி பிடிச்சுக்கும்."

தன் ராணுவத் தொப்பியைக் கழற்றி என் மொட்டையில் வைத்தார். பழைய கம்பளி, தைல வாசம். குகன் கெக்கலித்தான். அப்பா சிரிக்கவில்லை. அருகே வந்து, சின்னம் இடது கண்ணுக்கு மேல் வரும்படி நகர்த்தினார். விளிம்பை வலப்பக்கம் இழுத்துவிட்டார். ஓர் அடி பின்வாங்கிச் சரிபார்த்தார். மறுபடி நகர்த்தினார்.

நான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டு 9, சனி

அப்பா எங்கும் போகவில்லை. பதினோரு மணிவாக்கில் தம்புசாமி அங்கிளே போன் செய்துவிட்டார், உடம்புக்கு முடியவில்லையா என்று.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அப்பா, காதுக்கு மேல் தடவிப் பார்த்தபடி. "தைப்பூசம் வரைக்கும் என்னைத் தேடாத லா."